கட்டி இன்னும் தெரிகிறது, மறுபடியும் பெட் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 34. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்து கீமோ இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. நடுவில் மூச்சு வாங்கியதால் சி.டி. எடுத்தோம். நெஞ்சுக்குள் 3 செ.மீ. கட்டி இன்னும் இருப்பதாக வந்தது. இப்போது மறுபடியும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் பெட் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. செலவும் கதிர்வீச்சும் பயமாக இருக்கிறது. தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். அண்ணனுக்கு அடுத்து எந்த மருந்து என்பதே இந்த ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவாகும்.

சி.டி. கட்டியின் அளவைத்தான் காட்டும். அதற்குள் புற்றுசெல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அதனால் சொல்ல முடியாது. இந்த நோயில் கட்டிக்குள் நார்த்திசு நிறைய இருப்பதுண்டு. செல்கள் செத்த பிறகும் அது தழும்பு மாதிரி அங்கேயே கிடக்கும். பெட் ஸ்கேனில் ஃப்ளூரின்-18 சேர்த்த, குளுக்கோஸ் போன்ற ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். உயிருள்ள லிம்ஃபோமா செல்கள் அதை வாரி எடுத்துக்கொள்வதால் அந்த இடம் ஒளிரும். அந்த ஒளியைக் கல்லீரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டில் 'டோவில் ஸ்கோர்' என்று இருக்கும். 3 வரை இருந்தால் பொதுவாக நல்ல செய்தி, கட்டி கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. 4, 5 என்றால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று யோசிப்பார்கள்.

நல்ல முடிவு வந்தால் ஒரு பெரிய லாபம் உண்டு. ஏ.பி.வி.டி.யில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016ல் வெளிவந்தது. இரண்டு சுற்றுக்குப் பின் பெட் சுத்தமாக இருந்தவர்களுக்கு அந்த ஒரு மருந்தை நிறுத்தியும் பலன் பெரிதாகக் குறையவில்லை. அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, அடுத்த டோஸுக்கு முன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். மறுநாள் காலையில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. அன்று மட்டும் கைக்குழந்தை, கர்ப்பிணிகளிடம் சில மணி நேரம் விலகி இருக்கட்டும். தவறான மருந்தைத் தொடர்வதோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து சிறியது.

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் வெறும் தண்ணீர்தான். முந்தைய நாள் கடினமான உடற்பயிற்சி வேண்டாம். வெள்ளணுக்கள் ஏற ஊசி போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அதனால் எலும்பு மஜ்ஜை ஒளிரும். முதல் ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள குறுந்தட்டையும் கொண்டு போங்கள். செலவுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. நம் ஊரில் காசநோய் அதிகம், காசநோய்க் கட்டியும் அப்படியே ஒளிரும். பழைய இடங்கள் அடங்கி, புதிதாக ஓரிடம் ஒளிர்ந்தால் பயாப்ஸி பார்க்காமல் மருந்தை மாற்றக் கூடாது என்பேன்.

அப்புறம், சிகிச்சை முடிந்து நோய் முழுதாக அடங்கிவிட்டால், மன நிம்மதிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அறிகுறி இல்லாதபோது நேரில் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் போதும்.