மறுபடியும் கழுத்தில் கத்தியா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுக்காக 2 வருடம் முன்பு தைராய்டை மட்டும் முழுவதுமாக எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள். இப்போது இடது பக்கக் கழுத்தில் 14 மி.மீ. நெறிக்கட்டி. ஊசி டெஸ்டில் புற்று உறுதியாகிவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அயோடினே இன்னொரு முறை கொடுத்தால் போதாதா? ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள்.

பதில்: இந்த அளவுக்கு வளர்ந்த கட்டியை அயோடின் முழுதாகக் கரைப்பது அபூர்வம். ஒரு முறை கொடுத்தும் தங்கிவிட்டதே. 8 மி.மீ.க்கும் சின்னதாக, வளராமல் இருந்தால் ஸ்கேனிலும் தைரோகுளோபுலின் என்ற ரத்த டெஸ்டிலும் கண்காணித்தாலே போதும் என்றிருப்பேன். 14 மி.மீ. என்பதால், உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி.

குரல் விஷயத்துக்கு வருவோம். குரல் நரம்பு மூச்சுக்குழாயை ஒட்டி, கழுத்தின் நடுவில் ஓடுகிறது. முன்பு கத்தி பட்ட அந்த இடத்தை மறுபடி திறந்தால், வடுவுக்குள் நரம்பு எது, நார் எது என்று பிரிப்பது சிரமம். கால்சியம் குறையும் ஆபத்தும் அங்கேதான். பக்கவாட்டுக் கழுத்து உங்கள் மனைவிக்கு இன்னும் கத்தி படாத இடம். கட்டி அங்கு மட்டும் என்றால் குரலுக்கு ஆபத்து மிகக் குறைவு. அங்கே கவலை வேறு: தோள் நரம்பு இழுபட்டால் சில மாதம் கையைத் தூக்கித் தலை வாரவே கஷ்டப்படலாம். இடது பக்க அடிக்கழுத்தில் நிணநீர்க் குழாய் ஒன்று ரத்தக்குழாயில் சேருகிறது. அது கிழிந்தால், நெய்யோ எண்ணெயோ சாப்பிட்டதும் காயத்து நீர் வடியக் குழாயோடு மாட்டியிருக்கும் பாட்டிலில் பால் மாதிரி இறங்கும். பெரும்பாலும் கொழுப்பில்லாத சாப்பாட்டிலேயே அடங்கிவிடும்.

எப்படியும் ஆபரேஷனுக்கு முன் ஈ.என்.டி. டாக்டரிடம் குரல்நாணைப் பார்த்துவிடுங்கள். முதல் ஆபரேஷனில் ஒரு பக்கம் செயலிழந்திருந்தும் பேச்சில் தெரியாமல் இருக்கலாம். மறுபக்கமும் போனால் மூச்சுக்கே சிக்கல்.

அந்த ஒரு கட்டியை மட்டும் கிள்ளி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்தப் பகுதி நிணநீர்க் கணுக்களை மொத்தமாக எடுப்பதுதான் முறை. இல்லாவிட்டால் 3-வது ஆபரேஷனுக்கு நீங்களே வழிவிட்ட மாதிரி. கழுத்து ஆபரேஷன்களை வாராவாரம் செய்கிறவரிடம் போங்கள்.

அவசரம் இல்லை. இது மெதுவாக வளரும் வகை. டாக்டர் சரி என்றால், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று நாலைந்து வாரம் தள்ளலாம். அதற்குள் பழைய ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்ல, ஆபரேஷன் குறிப்பையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.