ஆல் வீல் டிரைவ் காரில் ஹேண்ட்பிரேக் கேபிள் மாற்ற ஒரு முழு நாள் ஆகுமா?

கேள்வி கேட்டவரின் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும்) காரில் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பின்பக்க இடது சக்கரமும் சூடாகிறது. கேபிள் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறாராம் மெக்கானிக். பக்கத்து வீட்டுச் சின்னக் காருக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு எதற்கு ஒரு நாள், இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கிறார்.

உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. போன வருஷம் இதே வேலையை என் வண்டிக்குக் கும்பகோணத்துக்கு வெளியே ஒரு ஷெட்டில் செய்தோம். நானும் கூடவே அடியில் படுத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து, முடிக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

முதலில் நம் ஊர் நிலைமையைச் சொல்கிறேன். டெல்டா தட்டையான பூமி. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஓட்டினாலும் பாலத்து ஏற்றம் தவிர மேடு கிடையாது. ஹேண்ட்பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை. எனக்குத் தெரிந்தது கொள்ளிடக் கரையில். படுகையிலிருந்து கரைக்கு ஏறும் சரிவில் நிறுத்தி லிவரை முழுக்க இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் ஏறி பிரேக்கை மிதித்தேன். அன்றைக்கு வந்த நடுக்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேபிள் ஏன் போகிறது? வெளியே ஓர் உறை, உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி, முனையில் ஒரு ரப்பர் மூடி. ரப்பர் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிச் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் ஓட்டுகிறோம், சேற்றோடு நிறுத்துகிறோம். கம்பி துருப்பிடித்து உப்பி உறைக்குள் சிக்கிக்கொள்ளும். இழுக்கும்போது உங்கள் கைப் பலத்தில் எப்படியோ நகர்ந்துவிடும். விடுவிக்கும்போது திரும்பி வர ஸ்பிரிங் பலம் போதாது. ஷெட் அண்ணன் இதைத்தான் சொன்னார்: “தம்பி, லிவர் இறங்கிடுச்சுன்னா பிரேக்கும் இறங்கிடுச்சுன்னு நினைக்காதீங்க.” உங்கள் இடது சக்கரம் சூடாவதும் அநேகமாக இதனால்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருப்பார்கள், அதன் மேல்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். அந்தச் சருகு அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆல் வீல் டிரைவில் எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுபோக நீளவாக்கில் சுழலும் ஷாஃப்ட் வேறு இருப்பதால் இன்னும் அதிகமாகச் சுற்றும். பக்கத்திலேயே சைலன்சர் பைப் கொதிக்கும். பிரேக் விடாமல் உரசிச் சூடேறிய சக்கரமும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். சூடாகும் சக்கரத்தோடு அந்த ரோட்டில் போகாதீர்கள். அடியில் கையை விட்டுச் சருகை எடுத்துவிடுங்கள், வண்டி ஆறிய பிறகு.

சரி, ஒரு நாள் ஏன்? எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றும் சாதாரண முன்சக்கர வண்டியில் கேபிள் நடுவில் கிளம்பி நேராகப் பின்னால் போய்விடும். நம் வண்டியில் அதே பாதையில் சைலன்சர், அதற்கு மேல் ஹீட் ஷீல்டு (சூடு தடுக்கும் தகடு), முன்பு சொன்ன ஷாஃப்ட், பின்னால் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) எல்லாம் இருக்கின்றன. கேபிள் இவற்றுக்கு மேலேயும் பக்கத்திலேயும் வளைந்து போகிறது. என் வண்டியில் சைலன்சரை இறக்கி, ஷீல்டைக் கழற்றி, ஷாஃப்ட்டையும் இறக்கிய பிறகுதான் கேபிளின் கிளிப்புகளே கண்ணுக்குத் தெரிந்தன. ஷீல்டு போல்ட் இரண்டு துருவில் உடைந்தே போயின. முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து வையுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, திரும்பவும் அதே கோட்டில் பொருத்த வேண்டும். மாறினால் அதிர்வு வரலாம்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இரண்டும் அதே தண்ணீரில் ஊறியவை. நடுவில் ஈக்வலைசர் என்ற சின்னத் தகடுதான் இழுவையை இரண்டு பக்கமும் பிரிக்கிறது. ஒன்று வழுக்கிக்கொண்டும் மற்றது சிக்கிக்கொண்டும் இருந்தால் பிடிப்பு ஒரே சக்கரத்துக்குத்தான் போகும். அதைவிட, இடதுக்காக இவ்வளவையும் இறக்கிவிட்டு ஆறு மாதத்தில் வலதுக்காக மறுபடி இறக்குவது வீண்.

கேபிள் வாங்கும்போது ஆல் வீல் டிரைவ் வண்டிக்கான பார்ட் நம்பர்தானா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் முன்சக்கர மாடலுக்கு நீளமும் வளைவும் வேறாக இருக்கும். எனக்கு முதலில் வந்தது அதுதான். அதை மாற்றிச் சரியானது வர நான்கு நாள் ஆனது, அதற்குப் பிறகுதான் வேலையை ஆரம்பித்தோம். இடது, வலது நீளம்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நீங்களே செய்வதாக இருந்தால் பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வேலையில் ஹேண்ட்பிரேக்கே இருக்காது, ஆகவே முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். நம் களிமண் தரையில் ஸ்டாண்டு இறங்கும். சிமென்ட் தரை இல்லையென்றால் வீட்டில் செய்யாதீர்கள். பின்சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியர் போடவே கூடாது. முன்சக்கரமும் இழுக்கும், வண்டி ஸ்டாண்டிலிருந்து பாயும்.

மற்றபடி கேபிளைக் கழற்றி மாட்டுவது எளிதுதான். முனையில் உள்ள விரல் போன்ற கிளிப்புகளை அமுக்க ஸ்க்ரூ டிரைவரோடு போராட வேண்டாம், அளவான ரிங் ஸ்பேனரை மேலே நுழைத்தால் எல்லாம் ஒன்றாக மடங்கும். கழற்றும் முன் பாதை முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் கெடுப்பது கடைசி அட்ஜஸ்ட்மென்ட்டில். பிடிக்கவில்லை என்றதும் லிவருக்குக் கீழே உள்ள நட்டை முறுக்குவார்கள். டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் ஷூ விரிந்து பிடிக்கும் வகை) வண்டியில் முதலில் அந்த நட்டை முழுக்கத் தளர்த்தி, ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைத்து, பெடலைப் பல தடவை மிதித்து, அதற்குப் பிறகுதான் கேபிளை இறுக்க வேண்டும். தேய்ந்த ஷூவை மறைக்கக் கேபிளை இறுக்கினால் புதுக் கேபிளும் உரசிக்கொண்டே ஓடும். பின்னால் டிஸ்க் பிரேக் என்றால், லிவரை இறக்கியதும் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கேபிள் இழுக்கும் சின்னக் கை தன் இடத்துக்கு முழுக்கத் திரும்புகிறதா என்று பாருங்கள். லிவரை இழுக்கும்போது எத்தனை ‘கிளிக்’ கேட்க வேண்டும் என்பதை வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதை ஷாஃப்ட் மாட்டும் முன்பே செய்துவிடுங்கள். முன்சக்கர வண்டியில் பின்சக்கரங்கள் தனித்தனி. இதில் டிஃபரன்ஷியல் இரண்டையும் இணைப்பதால், ஷாஃப்ட் மாட்டிய பிறகு இடதில் உள்ள உரசல் வலதைச் சுற்றும்போதும் கையில் தெரியும், எது எந்தப் பக்கம் என்று குழம்பிவிடும்.

புதுக் கேபிள் முதலில் கொஞ்சம் இளகும். நாங்கள் லிவரைப் பலமாக இருபது தடவை இழுத்து விட்டு, திரும்ப அட்ஜஸ்ட் செய்தோம். இரண்டு வாரம் கழித்து அதே கொள்ளிடக் கரைச் சரிவில், உள்ளே யாரும் இல்லாமல், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்திப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. லிவரை இறக்கியதும் தானாக உருள ஆரம்பித்தது.