பழைய பைக், குட்டி ரயில்: பணம் போடும் முன் சில கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி பழைய பைக்கைப் பற்றி, மீதி மாதிரி ரயிலைப் பற்றி. ஒருவர் இரண்டையும் ஒரே அறையில் வைத்திருக்கிறார். அவருடைய கேள்வி கடைசியில்.

கேள்வி: 1993 மாடல் ஆர்எக்ஸ் 100 ஒன்று ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வருகிறது. விற்பவர் புரோக்கர் அல்ல, சொந்த வண்டிதான். ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியாகிவிட்டது. "பேப்பர் பிறகு பார்த்துக்கலாம், வண்டி கண்டிஷனைப் பாருங்க" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: கொடுக்காதீர்கள். வண்டியில் எது கெட்டிருந்தாலும் சரிசெய்ய ஒரு மெக்கானிக் கிடைப்பார். பேப்பரில் கெட்டதை அதில் பெயர் உள்ளவர்தான் சரிசெய்ய முடியும். பணம் கைமாறிய பிறகு அவர் போனை எடுப்பாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் வந்தது 1985 முதல் 1996 வரைதான். கிராக்கி ஏறியதும், அதே உருவத்தில் வந்த ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ் 135 வண்டிகளுக்கு 100-இன் டேங்க்கை மாட்டி ஸ்டிக்கர் ஒட்டி விற்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. ஆகவே பெயிண்ட் பளபளப்பை விடுங்கள். ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகத் திருப்பி, ஸ்டியரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். ஆர்எக்ஸ் 100 என்றால் எண் 1எல்1 என்று தொடங்க வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் உரசிய தடமோ, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயிண்டோ தெரிந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். என்ஜினை மாற்றியிருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து பதிவு. முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, வண்டியை நேரில் காட்டுவது, பசுமை வரி, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் எல்லாம் இதில் வரும். நோட்டுப் புத்தக ஆர்சி என்றால் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விவரமே ஏறாமல் இருக்கலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை நகரும். இதையெல்லாம் விற்பவர் தம் பெயரிலேயே முடித்துத் தரட்டும். அதற்காக விலையில் சில ஆயிரம் கூட்டிக் கேட்டாலும் கொடுங்கள், லாபம் உங்களுக்குத்தான். பிறகு 29, 30 படிவங்களில் பெயர் மாற்றம். பழைய கடன் ஆர்சியில் நின்றால் முதலில் அதை நீக்கப் படிவம் 35.

விற்பவர் இழுத்தடித்தால் ஒன்று சொல்லிப் பாருங்கள்: பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வேலை வேகம் பிடிக்கும்.

இன்னொன்று, தன் சொந்த வண்டியை விற்கும் தனிநபர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அவர் வணிகர் அல்லர். ஏமாந்தால் போலீஸ், சிவில் கோர்ட் என்று அலைய வேண்டும். விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கணக்கில் அந்த ஒன்று இருபதில் பாதிக்கு மேல் கல்லூரி நாள்களின் ஏக்கத்துக்குப் போகிறது.

கேள்வி: அப்பாவின் 1974 புல்லட் வீட்டில் நிற்கிறது. 'விண்டேஜ்' பதிவு எடுத்தால் மதிப்பு கூடுமா? (வாசகி, திருச்சி)

பதில்: 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அடிப்படை அமைப்பு மாறாத வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று ஓட்டலாம். தினசரி சாலையில் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கொம்பு வரை ஒரு சுற்று போய்வர ஆசை இருந்தால், சாதாரண ஆர்சியைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே மேல். மதிப்பைக் கூட்டுவது அசல் டேங்க், அசல் கார்புரேட்டர், அப்பா பெயரில் உள்ள முதல் ஆர்சி. குரோம் பூச்சு மங்கிவிட்டதென்று அவற்றைக் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: என் பழைய எஸ்டி (Yezdi) பைக்குக்கு 'ஒரிஜினல்' என்று சொல்லி ஒரு கடையில் பிஸ்டன் கிட் கொடுத்தார்கள். பில் தரவில்லை. சில நாளிலேயே பிஸ்டன் ஜாம். கேட்டால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டைக் காட்டுகிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: எஸ்டி தயாரித்த மைசூர் ஆலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று புதுப் பெட்டியில் வரும் எதையும் 'ஒரிஜினல்' என்றால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். விற்காமல் தங்கிய பழைய சரக்கு அபூர்வமாகக் கிடைக்கும், மற்றதெல்லாம் பிறர் செய்தது. அதில் நல்லதும் உண்டு என்பது வேறு விஷயம்.

அந்தப் போர்டுக்கு மதிப்பில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் (கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள்) திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். முதலில் 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை செலுத்திய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாகும்.

வழக்கின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. கடைக்காரர் "ரீபோர் செய்தவன் (சிலிண்டரைக் குடைந்தவன்) கிளியரன்ஸ் (பிஸ்டனைச் சுற்றி இடைவெளி) சரியாக விடவில்லை, நீங்கள் ஆயில் குறைவாகக் கலந்தீர்கள்" என்பார். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இந்த இரண்டாலுமே பிஸ்டன் ஜாம் ஆகும் என்பதால் அதை லேசில் தள்ள முடியாது. ஆகவே ஜாமான பிஸ்டனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். லேத்காரரிடம் சிலிண்டர், பிஸ்டன் அளவுகளை மைக்ரோமீட்டரில் எடுத்து எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். ஆறுக்கு நாலு அடி பலகையில் நீலகிரி மலை ரயிலை அமைக்க ஆசை. எந்த அளவு, என்ன வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: ஆசை பெரிது, பலகை சின்னது. கல்லாறு முதல் குன்னூர் வரை அந்த ரயில் 12-க்கு 1 சரிவில் ஏறுகிறது. தண்டவாள நடுவில் பல் சட்டம் இருப்பதால் முடிகிறது. கடையில் வாங்கும் சாதாரண மாதிரி என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூற்றுக்கு மூன்று சரிவு ஏறினாலே பெரிய காரியம். ஆறு அடிக்கு அது ஐந்தரை சென்டிமீட்டர் உயரம்தான். தவிர, நீலகிரிப் பாதை மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். எச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், அதற்கு 12 மி.மீ. பாதை வேண்டும். பரவலாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை 1435 மி.மீ. அகல ஐரோப்பியப் பாதைக்கானது. ஹார்ன்பி, பாக்மன் போன்ற மாதிரி ரயில் நிறுவனங்களின் பட்டியல்களில் நீலகிரி என்ஜினைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நானாக இருந்தால் மேட்டுப்பாளையத்தை எடுப்பேன். சென்னையிலிருந்து வரும் அகலப்பாதை முடிவதும் மலை ரயில் கிளம்புவதும் அங்கேதான். ஓடுகிற ரயில் சமதளத்தில் ஒரு வட்டம் சுற்றட்டும், மலை ரயில் அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து நிறுத்தியதாக இருக்கட்டும், பின்னால் மலை. பணத்தை நல்ல தண்டவாளம், கன்ட்ரோலர், ஒரே ஒரு தரமான என்ஜின் இவற்றில் போடுங்கள். எச்ஓவும் ஓஓவும் ஒரே 16.5 மி.மீ. பாதையில் ஓடும், ஆனால் ஓஓ 76-இல் ஒரு பங்கு. கட்டடத்தை ஒன்றிலும் ரயிலை இன்னொன்றிலும் வாங்கினால் பயணி கதவை விட உயரமாக நிற்பார்.

இயற்கைக் காட்சிக்கு எதையும் இறக்குமதி செய்யாதீர்கள். பெட்டியில் வரும் மரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஊசியிலை மரங்கள். நமக்கு வேண்டியது பாக்கு, தென்னை, மேலே சில்வர் ஓக். 15 மீட்டர் தென்னை எச்ஓவில் 17 சென்டிமீட்டர். கம்பி, நூல், பச்சைக் காகிதம் போதும். தேயிலைப் புதர் ஒரு சென்டிமீட்டர்; பழைய மெத்தை ஸ்பாஞ்சை வீட்டில் வேண்டாத மிக்சியில் அரைத்துச் சாயம் கலந்தால் ஒரு எஸ்டேட்டே போடலாம். உயரப் புல்லுக்குத் தேங்காய் நார். உதிர்ந்த இலைக்குக் காய்ந்த டீத்தூள். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜல்லிக்குச் சலித்த மணல், ஆனால் முதலில் ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். மணலில் உள்ள இரும்புத் துகள் என்ஜின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. நீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால்தான் பசை உள்ளே இறங்கும். மலையைத் தெர்மாகோலில் செய்தால் ஸ்ப்ரே பெயிண்ட் நேரடியாக அடிக்க வேண்டாம், கரைந்துவிடும்.

கேள்வி: ஜப்பானில் உள்ள மகன் ரயில் செட் அனுப்புகிறேன் என்கிறான். வரி வருமா? (அதே ஊர், வேறு வாசகர்)

பதில்: வரும். மாதிரி ரயிலும் சுங்கக் கணக்கில் பொம்மைதான். பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது, அதன்மேல் ஜிஎஸ்டி. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு விகிதம் வேறாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பார்சலுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. அங்கே வாங்கிய பவர்பேக்கை இங்கே நேராகச் சொருகினால் புகைதான் வரும்.

கேள்வி: ஒரே அறையில் புல்லட் வேலையும் ரயில் வேலையும். கொசு பேட்டைப் பிரித்து, ரயில் மாதிரிக்கு நைலான் புல் நடும் கருவி செய்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? (வாசகர், ஓசூர்)

பதில்: நைலான் இழைகளை நிமிர்த்தி நிற்க வைப்பது உயர் மின்னழுத்தம், அதில் பொறியும் தெறிக்கும். அதே அறையில் கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினால் ஆவி தரையோடு படிந்து நிற்கும். இனி டேங்க், கார்புரேட்டர் வேலை எல்லாம் வெளித் திண்ணையில். பெட்ரோல் கேனையும் எண்ணெய்த் துணியையும் இன்றே அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு முனையையும் காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் தொடவைத்து இறக்கிய பிறகே கையை வையுங்கள்.