கஷ்ட காலத்தில் நெருங்கியவர்கள், நிலைமை சரியானதும் ஏன் விலகிப் போகிறார்கள்?

யாரோ ஒருவரை நினைத்து மனம் நொந்துதான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று படுகிறது. அவரை நன்றி கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி விலகிப் போனவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

2022 மே மாதம், இலங்கையில் பொருளாதார நெருக்கடி நேரம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நெடுக, காலி வீதிப் பக்கமிருந்து ரயில் பாதை வரைக்கும் வெறும் கேஸ் சிலிண்டர்கள். யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி பிடிகளுக்கூடாகச் சங்கிலி கோத்துப் பூட்டியிருந்தார்கள். 12.5 கிலோ சிலிண்டர் அப்போது 4,860 ரூபாய். காசு வைத்திருந்தவர்களுக்கும் கேஸ் இல்லை. மாடி வீட்டில் விறகு எரிக்கவும் வழியில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்து ஒழுங்கை அக்கா. "தங்கச்சி, இதை ஒருக்கால் பாருங்கோ, பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்" என்றார். அதுதான் அறிமுகம். மூன்றாம் நாள் அவருடைய பிளாஸ்க் மூடியில் மாறி மாறிப் பிளேன்டீ குடித்தோம், பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு. கணவருக்கு வேலை போனதையும், தாலிக்கொடி அடகில் இருப்பதையும் அன்றுதான் சொன்னார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. சுடுதண்ணி கேட்ட மாமியை நான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, குசினிக்குள் போய் அழுததைச் சொன்னேன். என் சொந்தத் தங்கைக்கும் அது இன்றுவரை தெரியாது. லொறி வந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. இடையில் புக வந்தவர்களிடமிருந்து என் சிலிண்டரையும் அவரே காலால் அணைத்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் கிடைத்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்துச் சந்தையில் கண்டேன். என் கண் முதலில் போனது அவருடைய கழுத்துக்கு. கொடி வந்துவிட்டதா என்றுதான் பார்த்தேன், சத்தியமாக அக்கறையில். அவர் அதைக் கவனித்துவிட்டு முந்தானையை மேலே இழுத்துவிட்டார். "எப்பிடிச் சுகம்?" "இருக்கிறம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைத் தூரத்தில் கண்டாலும் நான் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன்.

இதைத் திமிர் என்று இங்கே சிலர் எழுதுவார்கள். இல்லை. என்னைக் கண்டால் அவருக்கு அந்த மஞ்சள் கயிறு ஞாபகம் வரும், அவரைக் கண்டால் எனக்கு மாமியின் முகம். இரண்டு பேரும் கூச்சப்பட்டோம், வேறொன்றுமில்லை. உங்கள் ஆளும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

விலகாதவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்றும் இல்லை. கனடாவில் இருக்கும் என் அண்ணா அந்த நாட்களில் போன் எடுத்து, "ஏன் கரண்ட் அடுப்பு வாங்கேல்ல?" என்று கேட்டார். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊரில்! இன்றைக்கும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால், எங்களுக்கு முன்யோசனை இல்லை என்று அதே கதையை எடுப்பார். அந்தக் கேள்வி கேட்ட ஆளை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சரி, அக்காவுக்கு வருகிறேன். லொறி வந்த அவசரத்தில் பிளாஸ்க் மூடி என் பைக்குள் வந்துவிட்டது. இத்தனை வருடமாகக் குசினித் தட்டில்தான் இருக்கிறது. உங்கள் கேள்வியைப் பார்த்தபிறகு எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். அவருடைய ஒழுங்கை தெரியும், வீட்டு இலக்கம்தான் தெரியாது. மூலைக் கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.