வாசகர் கேள்வி – பதில்: அக்குபங்சருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 63. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, காண்டாக்கம்பில் பால் வாளி சுமந்தே காலம் கழிந்தது. இப்போது பாடாங் செராயில் மகள் வீட்டில் இருக்கிறேன். இடுப்பும் வலது முழங்காலும் ஓயாமல் வலிக்கின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பட்டணத்துச் சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) அக்குபங்சர் செய்துகொள்ளும்படி மகள் வற்புறுத்துகிறாள். எனக்கோ ஊசி என்றாலே உடம்பு நடுங்குகிறது. முதல் நாள் என்ன செய்வார்கள்? மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டுமா?
– வாசகி, பாடாங் செராய்

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது, அம்மா. மற்றவற்றை எல்லாம் விட இதை முதலில் சொல்ல விரும்புகிறேன். அக்குபங்சர் வலியைக் குறைக்க உதவலாம். சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் அது மாற்று ஆகாது. அன்றைய மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டே போங்கள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரக்கூடும். ஊசி பயத்தால் வரும் மயக்கமும் அதோடு சேர்ந்துகொண்டால், எது எதனால் வந்தது என்று சின்சேக்கும் புரியாது. வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் அளவாகச் சாப்பிட்டால் போதும்.

ஊசியைப் பற்றி நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே துளையுள்ள குழல். அதன் பருமன் பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அக்குபங்சர் ஊசியோ துளையில்லாத மெல்லிய எஃகுக் கம்பி, ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர்தான். அதன் வழியே மருந்து ஏற்றுவதும் இல்லை, ரத்தம் எடுப்பதும் இல்லை. தோலில் இறங்கும்போது எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும். சிலருக்கு அதுவும் தெரிவதில்லை. பிறகு சின்சே ஊசியை விரலால் மெல்லத் திருகும்போது அந்த இடம் கனப்பதுபோலவோ, மதமதத்துப் போவதுபோலவோ, உள்ளுக்குள் மந்தமாக வலிப்பதுபோலவோ இருக்கும். சீன மருத்துவத்தில் 'தெ சீ' என்று சொல்லும் இந்த உணர்வு, ஊசி உரிய இடத்தை எட்டியதற்கான அடையாளம் என்று கருதப்படுகிறது. ஆனால் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுளீரென்று கால் நெடுக இறங்கினால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் வளர்ந்த நம் பெண்கள் எந்த வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பழகியவர்கள். அந்தப் பொறுமை இங்கே உதவாது, சில நேரம் கெடுதலாகவும் முடியும்.

முதல் நாளில் ஊசி போடும் நேரத்தை விடப் பேச்சே அதிகமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வலி எப்போது தொடங்கியது, காலையில் எழும்போது அதிகமா, மாலையில் அதிகமா, குளிர்ந்தால் கூடுகிறதா, தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். முழங்கால் வலிக்கு மலம் கழிப்பதைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று கூச்சப்படாதீர்கள். உடம்பு முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் மருத்துவ முறை. இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். அதனால் அன்று நாக்கை வழிக்காமலும், புறப்படும் முன் கோப்பி குடிக்காமலும் போவது நல்லது. நாக்கின் நிறம் மாறித் தெரியாமல் இருக்கும். சின்சேயோடு மலாயில்தான் பேச வேண்டியிருக்கும் என்றால் மகளையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள மருந்துப் பைகளை அப்படியே எடுத்துப் போய்க் காட்டுவது, பெயரை நினைவில் வைத்துச் சொல்வதை விடப் பாதுகாப்பானது.

முழங்காலுக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய தளர்வான காற்சட்டையோ சாரோங்கோ உடுத்திச் செல்லுங்கள். முதல் முறை என்பதால் உட்கார வைக்காமல் படுக்க வைத்தே செய்யும்படி கேளுங்கள். தலை சுற்றினாலோ வியர்த்தாலோ ஊசிகளை எடுத்துவிட்டுப் படுத்திருந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். ஊசி வலிக்கிற இடத்தில் மட்டும்தான் போடப்படும் என்று எண்ண வேண்டாம். இடுப்பு வலிக்குக் காலிலோ கையிலோ கூடப் போடுவதுண்டு. முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கி, கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கம் 'சூ சான் லி' என்ற புள்ளி இருக்கிறது; உங்கள் வலிக்கு அதைத் தொடாமல் விடுவது அரிது. ஊசிகளை 15 முதல் 30 நிமிடம் வரை விட்டுவைப்பார்கள். அந்த நேரத்தில் காலை மடக்காமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் உங்கள் கண் கூர்மையாக இருக்கட்டும். ஒன்று, ஊசி உங்கள் முன்னிலையில் முத்திரையிட்ட உறையிலிருந்து பிரித்து எடுக்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பின் ஊசிகளுக்கென்று உள்ள கெட்டியான பெட்டியில் போடப்பட வேண்டும். சரியாகச் சுத்தப்படுத்தாத ஊசியால் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றக்கூடும். டிரேயில் ஏற்கெனவே பிரித்து வைத்த ஊசியை எடுத்தால் தயங்காமல் புதியது கேளுங்கள். நல்ல சின்சே அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்றொன்று வெப்ப விளக்கு. ஊசி போட்டபின் முழங்காலுக்கோ பாதத்துக்கோ நேராக ஒரு விளக்கைத் திருப்பி வைப்பார்கள். சில இடங்களில் மூலிகைச் சுருட்டைக் கொளுத்தித் தோலுக்கு அருகில் காட்டுவதும் உண்டு. இதம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தோல் வெந்துபோவது கூட அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் போனால் வலி பார்க்கப் போனவர் காலையே இழக்க நேரும். "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்துக்குச் சூடு வேண்டாம்" என்று உள்ளே நுழைந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். பாதத்தில் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

முடிந்ததும் ஊசி எல்லாம் எடுத்தாயிற்றா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு துளி ரத்தமோ சிறு கன்றலோ இருந்தால் கவலை இல்லை. ஒரு நாள் அசதியாகவும் இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் சற்று உட்கார்ந்து ஓய்ந்தபின் ஏறுங்கள். தோள்பட்டையிலோ மேல்முதுகிலோ ஊசி போட்டபின் மூச்சு வாங்கினால், மார்பு குத்தினால், அன்றே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மிக அரிதாக நுரையீரலில் ஊசி பட்டு இப்படி ஆவதுண்டு.

பலன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாள்பட்ட இடுப்பு வலி, முழங்கால் தேய்மானம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் அக்குபங்சர் சிலருக்கு வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பொய் ஊசியோடு, அதாவது உண்மையாகப் போடாமல் போடுவதுபோல் பாவனை செய்வதோடு, ஒப்பிட்ட ஆய்வுகளில் அந்த வேறுபாடு சிறியதாகவே இருக்கிறது. தேய்ந்த மூட்டை அது மீண்டும் வளர்க்காது. முதல் நாளே வலி போய்விடும் என்று எதிர்பார்க்காமல் ஐந்தாறு முறை போய்ப் பாருங்கள். அதற்குள் மாடிப்படி ஏறுவதிலோ தூங்குவதிலோ மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். இருபது முறைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் இடத்தில் முதல் நாளே பணம் கொடுக்காதீர்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: பக்கவாதம் வந்த என் தந்தைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் கிடைக்குமா? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்.
– வாசகர், லூனாஸ்

பதில்: கிடைக்கும். கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் 2007இல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வேறு சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வந்தது. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பின்னும் அங்கே அக்குபங்சர் செய்கிறார்கள். நேரே போய் நிற்காமல், தந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். வார்ஃபரினைப் பற்றி ஊசி போடுபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் ஆழமாகக் குத்துவதைத் தவிர்த்து, எடுத்தபின் நெடுநேரம் அழுத்திப் பிடிப்பார். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை அறவே கூடாது. உடற்பயிற்சிச் சிகிச்சையை இதற்காகக் குறைத்துவிடாதீர்கள். கைகால் மீள்வதற்கு அதுவே முதன்மை.

தனியாரிடம் போவதானால், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் அவர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சான்றிதழைச் சுவரில் காணவில்லை என்றால் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கேள்வி: மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. வாந்திக்கு அக்குபங்சர் செய்யலாமா?
– வாசகி, பாடாங் செராய்

பதில்: தாய்-சேய் கிளினிக்கில் கேட்காமல் செய்ய வேண்டாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புள்ளி, உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலுள்ள புள்ளி ஆகியவற்றைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது வழக்கம். கர்ப்பம் என்பதை வயிறு தெரியாத மாதத்திலும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி எடுக்கிறார் என்றால் இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.