டிரைக்கோடெர்மா போட்டும் கத்தரி வாடுவது ஏன்?

வாடிவிட்ட செடிக்கு டிரைக்கோடெர்மாவை (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) இன்னும் ஊற்றாதீர்கள், செடி பிழைக்காது. பினாங்கில் நீங்கள் வளர்க்கும் கத்தரியில், இலை பச்சையாகவே இருக்க, இரண்டு மூன்று நாளில் செடி முழுதும் தொங்கிவிட்டது என்கிறீர்கள். பினாங்கின் வெக்கையும் மழையும் சேர்ந்த ஈரமண்ணில் இது பெரும்பாலும் பாக்டீரியா வாடல்தான். டிரைக்கோடெர்மா பூஞ்சை நோய்களுக்கு எதிராகவே நன்றாக வேலை செய்யும்.

உறுதி செய்ய, அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடித் தம்ளரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா. இறங்காமல், தண்டின் உட்புறம் பழுப்பாக இருந்தால் பூஞ்சை வாடலாக இருக்கலாம்.

பாக்டீரியா என்றால்:
1. செடியை வேர்மண்ணோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தியையும் தொட்டியையும் குளோரெக்ஸ் (ப்ளீச்) கலந்த நீரில் கழுவுங்கள்.
2. அந்த மண்ணில் தக்காளி, மிளகாய், கத்தரி மறுபடி வேண்டாம்.
3. புது மண்ணில், சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நடுங்கள். இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பூஞ்சை என்றால், அடுத்த நடவுக்கு முன்பே 1 கிலோ மக்கிய உரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, லேசான ஈரத்தோடு நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு வேர்ப்பகுதியில் இடுங்கள். நுண்ணுயிர் வேரில் முதலில் குடியேறினால்தான் நோய்க்கிருமிக்கு இடம் இருக்காது.

கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றிய மண்ணில் டிரைக்கோடெர்மாவும் செத்துவிடும். பாக்கெட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள்; வெயிலில் கிடந்த தூளில் உயிர் மிஞ்சாது.