கெண்டைச் செதிலும் கிறிஸ்துமஸ் இரவும்

கேள்வி: என் மகள் செக் நாட்டின் பிர்னோ நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். டிசம்பரில் அங்கே வாழ்க்கை எப்படியிருக்கும்? கிறிஸ்துமஸை எவ்வாறு கொண்டாடுவார்கள்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்த உங்கள் மகளுக்கு, குளிரைவிட மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதுதான் புதிதாக இருக்கும். வீடுகளும் டிராம் வண்டிகளும் கதகதப்பாகவே இருக்கும்.

டிசம்பர் 5 மாலையில் புனித நிக்கோலாஸ், தேவதை, சாத்தான் ஆகிய மூவரின் வேடமிட்டுக் குழந்தைகளைத் தேடி வருவார்கள். ஆயினும் பெரிய நாள் 24-ஆம் தேதிதான். அதற்குச் சில நாள் முன்பே தெருவோரங்களில் பெரிய தொட்டிகளை வைத்து, உயிருள்ள கெண்டை மீன்களை விற்பார்கள். நம் உதகை ஏரியிலும் வாழும் அதே சாதாக் கெண்டைதான் அது. பெரும்பாலும் தென்பொஹீமியக் குளங்களில் வளர்க்கப்படும் அம்மீனை, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, உருளைக்கிழங்குச் சாலட்டுடன் அன்றிரவு உண்பார்கள். விரல் நகமளவு பளபளக்கும் ஒரு செதிலைக் கழுவித் துடைத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் பணத்துக்குக் குறைவிராது என்பது அவர்களுடைய நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. உணவுக்குப் பின் ஆப்பிளைக் குறுக்காக வெட்டுவார்கள். விதையறைகள் நட்சத்திரமாகத் தெரிந்தால் அவ்வாண்டு நலமாக அமையுமாம். பரிசுகளைக் கொண்டுவருபவர் குழந்தை இயேசு; அவற்றை அன்றிரவே பிரிப்பார்கள்.

பெரிய கடைகளை 24-ஆம் தேதி நண்பகலோடு மூடிவிட்டு, அடுத்த இரு நாள்களும் திறக்கக் கூடாதென்பது அங்குள்ள சட்டம். ஆகவே அரிசி, பருப்பு, பால் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.